நான் சொல்லாத ஒரு வரி

அன்பு மகளுக்கு,

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று உன் அத்தை உனக்கு ஃபோனில் சொன்னது பொய். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன், அவளுக்கு முன்பே போய் உட்காருகிறேன். முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். எல்லோரும் சேர்ந்து சொல்கிற செபத்தில், ஆண்டவருடைய திருவுளம் நடக்கட்டும் என்கிற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு, உணவு கேட்கிற வரியில் சேர்ந்துகொள்கிறேன். மன்னிக்கிற வரியையும் விடுவதில்லை, உன் அத்தை பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்லக் கொஞ்சம் சிரமம், ஆனாலும் சொல்கிறேன். "என்ன அண்ணி, ஒரு வரியை முழுங்கிட்டீங்களே" என்று அவள் வாசலிலேயே நாலு பேர் காதில் விழக் கேட்டாள். விஷயம் ஃபாதர் வரை போய், மனம் மாறும்வரை நான் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது அவள்தான் வாசிக்கிறாள். அவளுக்கு ழகரம் வராது, ஏழைகள் எல்லாம் ஏளைகள் ஆகிவிட்டார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அப்பா கடைசி மாதங்களில் திரும்பிப் படுக்க முடியாமல் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். பஸ் ஓட்டின மனிதர், தெருவில் ஹாரன் கேட்டால் கால் மட்டும் பிரேக்கைத் தேடும். முதுகுப் புண்ணை நான்தான் கழுவினேன், நீ அதைப் பார்க்கவில்லை. ஃபாதர் வந்து, துன்பம் என்பது சிலுவையில் நமக்குக் கிடைக்கிற பங்கு என்றார். "பங்குன்னா கொஞ்சம்தானே ஃபாதர், முழுசும் எனக்கே வந்திருச்சே" என்றார் அப்பா. ஃபாதர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை.

மனம் வராத வார்த்தையை உதட்டால் சொல்வது கடவுளிடமே பொய் சொல்வது என்று எங்கள் கான்வென்டில் மதர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. நம்பிக்கை போனவளாக இருந்தால் எல்லா வரியையும் மடமடவென்று ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். எனக்குக் கடவுள்மேல் கோபம். இல்லாத ஆள்மேல் இத்தனை நாள் கோபப்பட என்னால் முடியாது.

உன்மேல்தான் வருத்தம். "எல்லாம் அவர் சித்தம்மா, ஏத்துக்கோ" என்று நீயும் சொன்னாய், வேலைக்கு நேரமாச்சு என்று ஃபோனை வைத்துவிட்டாய். அடக்கத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவள் நீ. அந்த வார்த்தை உனக்கு அவ்வளவு சுலபமாக வருகிறதா என்பதுதான் என்னை அரிக்கிறது.

பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே அனுப்பாதே, நின்றுகொண்டே சாப்பிடாதே. உங்களை அவர் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், இதை மனதாரத்தான் கேட்கிறேன். அங்கே அந்த வரி வரும்போது நீ என்ன செய்கிறாய்? ஃபோனில் வேண்டாம், உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா