ஆஸ்பத்திரியில் உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன்

மைசூர், 14-8-1996

மாமாவுக்கு பசம்மா எழுதுவது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் இங்கே சமையல் வேலைக்குக் குறைவில்லை. உங்கள் இருமல் தேவலையா?

என் மார்புப் புற்றுக்குப் புது மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் சேர்க்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரம்மா என்னையும் அனுப்பினார். குமாஸ்தா ஒருவன் எல்லாவற்றையும் கன்னடத்தில் கடகடவென்று வாசித்துவிட்டு, புருஷன் பேரைக் கேட்டான். எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். "இஷ்ட இல்வா? ஹோகம்மா" என்று, இஷ்டமில்லாவிட்டால் போம்மா என்கிற மாதிரி, என் பேரை அடித்துவிட்டான். அவன் முகத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மறுநாளும் போய் நின்றேன். நம் ஹனூர்ப் பக்கத்து நர்சு மோகனப்ரியா, "ஏனுங்கம்மா, மருந்து வேண்டாம்னுட்டீங்களாமா?" என்றாள்.

"எவன் சொன்னான்? ஊட்டுக்காரர் பேரத்தானே சொல்லல!"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், வேண்டாமென்றால் நடுவிலே நின்றுகொள்ளலாம் என்று தமிழில் பொறுமையாகச் சொன்னாள். பிறகு பேரைக் கேட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே மிரட்டிய உங்கள் அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை முதல் ஊசி. என் கம்பளியும் சுண்டைக்காய் வற்றலும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். வீட்டம்மா கூப்பிடுகிறார். உடம்பு நன்றாயிருக்கிறது என்று கார்டு போட்டால் நம்ப மாட்டேன், நேரில் வாருங்கள்.

பசம்மா