உம்மை வெட்டி எடுத்த படங்கள்

இன்று காலை ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க அகராதியை விரித்தேன். உமது இடது கால் கீழே விழுந்தது. கொலுசு போட்ட, என் சுண்டுவிரல் நுனியளவுக் கடதாசிக் கால். பட்டுச்சேலையின் சிவப்புக் கரை இன்னும் மங்கவில்லை. சுருண்டிருக்கிறதே, தட்டையாகட்டும் என்று ஏதோவொரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, எந்தப் புத்தகம் என்பதை மறந்து, இரண்டு வருடமாக நான் தேடிய கால்.

அது இல்லாமல் உமது உருவம் மட்டும் கடித உறைக்குள் வந்த நாள் நினைவிருக்கிறது. உடனே போன் எடுத்தேன்.

"என்னப்பா இது, ஒற்றைக் காலோட வந்து இறங்கியிருக்கிறீர்?"

"கத்தரிக்கோல் வழுக்கிப்போச்சு. மற்றக் கால் நாளைக்கு வரும்."

"தனியவோ?"

"ஓம். நெடுந்தீவிலயிருந்து நடந்து வரவேணுமெல்லே, கொஞ்சம் சுணங்கும்."

படிக்கிற காலத்தில் நீர் முதல் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து பஸ் ஏறுவீர். நான் எங்கள் ஊர் மடத்துவெளியில் ஏறுவேன். எனக்கான இருக்கையில் உமது பை உட்கார்ந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் ஒரே வகுப்பில் படித்தோம். முதல் நாள் பஸ்ஸில் தொடங்கிய "நீர்" கடைசிவரை "நீ" ஆகவில்லை. அதில் எங்கள் இருவருக்கும் ஏதோ ஒரு வசதி இருந்திருக்க வேண்டும்.

என் நாட்குறிப்பை நீர் முதலில் பார்த்ததும் அந்தப் பஸ்ஸில்தான். ஒரு படம், அதன் ஓரத்தில் கிழித்த பயணச்சீட்டு, சுற்றிவரத் தேயிலைச் சாயம், கீழே நாலு வரி. வேறு எவருக்கும் நான் அதைக் காட்டியதில்லை. உமக்கும் காட்டவில்லை, நீர்தான் எட்டிப் பார்த்தீர். "எழுதினது விளங்கேல்லை, ஆனா படத்தைப் பாக்க நீர் என்ன சொல்ல வாறீரெண்டு விளங்குது" என்றீர். அடுத்த வாரம் நீரும் ஒரு கொப்பி வாங்கினீர்.

படிப்பு முடிந்தது. நீர் உமது தீவில் முன்பள்ளி ஆசிரியை ஆனீர். நான் பட்டணத்து நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நடுவில் கடல். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இதை நான் இங்கே தெளிவாக எழுதிவைக்க வேண்டும்: அந்த யோசனை என்னுடையது. உமது படத்திலிருந்து உம்மை வெட்டி எனக்கு அனுப்பும். நான் போகும் இடங்களில் உம்மை ஒட்டுகிறேன். என்னை வெட்டி உமக்கு அனுப்புகிறேன். நீர் இருக்கும் இடங்களில் என்னை ஒட்டும்.

கடித உறைகள் படகில் வந்து, பஸ் கொண்டக்டரின் சட்டைப் பையில் ஏறி, மடத்துவெளிச் சந்தியில் இறங்கின. நீர் என்னை நெடுந்தீவுக் குதிரையொன்றின் மேல் ஏற்றினீர். குதிரையைவிட நான் பெரிதாக இருந்தேன். "பாவம் அந்தச் சீவன், நடு முறியப்போகுது" என்று கீழே எழுதி, பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினீர். நான் உம்மை நூலகத்து ஏணியின் உச்சியில் இருத்தினேன். அக்காவின் கலியாணப் படத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நடுவே, நீர் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அலங்காரத்தோடு நிற்கவிட்டேன்.

நான் அனுப்பியவை எல்லாம் கலர்ப் பிரதிகள். எங்கள் வீட்டில் படத்தில் கத்தரிக்கோல் வைக்க ஏலாது. யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியபோது காணி உறுதியும் பட அல்பமும் ஒரே பையில்தான் போயின என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். நீர் அனுப்பியவையோ அசல். உமக்குப் படம் எடுக்கப் பிடிக்கும், படத்தில் நிற்கப் பிடிக்காது. போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர். அதனால் உமது உருவம் வேண்டுமென்றால் பழைய அல்பத்தில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. பிரதி எடுக்கப் பட்டணத்துக்கு வரவேண்டும். நீர் காத்திருக்கவில்லை.

"அல்பம் பழுதாகுதே, அன்ரி ஏசமாட்டாவோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கட அம்மாவுக்குப் படத்தில இருக்கிற என்னைத்தான் பிடிக்கும். கொஞ்சம் குறையட்டும்."

அன்று அன்ரியோடு ஏதோ சண்டை. சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். நான் அதை அப்படியே ஏணிப் படத்தின் கீழ் எழுதிவைத்தேன். வெட்ட வேண்டாம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அசல் கையில் கிடைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல். இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் மறைத்தீர். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி முடியட்டும், பிறகு மருந்தெடுக்கிறேன் என்று எனக்கு மட்டும் எழுதினீர். ஐந்தாம் நாள் நீர் இல்லை.

உமது நினைவுப் புத்தகமான கல்வெட்டு அடிக்க நல்ல படமொன்று தேவைப்பட்டது. உமது போன் பூட்டியிருந்தது, அதைத் திறக்கும் இலக்கம் ஒருவருக்கும் தெரியாது. அன்ரி அலுமாரியைத் திறந்து அல்பத்தை எடுத்திருக்கிறார். ஆலத்தித் தட்டோடு மாமிமார் வரிசையாக நிற்க, நடுவில் உமது உருவத்தில் ஒரு ஓட்டை. பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒரு ஓட்டை. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஓட்டை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கல்வெட்டின் முகப்பில் போட்டார்கள். அதில் நீர் எவரையோ முறைத்துக்கொண்டிருந்தீர்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நான் வந்திருந்தேன். குசினி வாசலில் அன்ரி என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உனக்கு ஏதும் தெரியுமே? என்ர பிள்ளை தன்னைத்தானே வெட்டி எறிஞ்சிருக்கிறாள். காய்ச்சலையும் மறைச்சவள். இருக்க மனமில்லாமல் இருந்தவளோ?"

"தெரியாது அன்ரி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வீடு நிறையச் சனம் இருந்தது. உண்மையைச் சொன்னால் கொப்பியைக் கேட்பார். அதில் நான் எவருக்கும் சொல்லாத என் சங்கதிகள் இருந்தன. ஏணிப் படத்தின் கீழ் உமது அந்த வரியும் இருந்தது. இவை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் கேட்டது ஒரு தாய். பதில் என் கையில் இருந்தது. ஏழு மாதம் அதை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் உங்கள் ஊர் அக்கா ஒருவர் சொல்லித்தான் மிச்சம் தெரியவந்தது. "அந்த மனுசி இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. பிள்ளை தன்னாலதான் போனதாம் எண்டு ஒரே அழுகை." அன்றிரவு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் வர்ணத்தால் மூடிவிடலாமா என்று யோசித்தேன். தூரிகையை நனைத்தும் விட்டேன். பிறகு கழுவி வைத்தேன். ஒரு பொய்யைத் திருத்தப் போகும்போது இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை.

நெடுந்தீவுப் படகில் காற்று கடுமையாக இருந்தது. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அன்ரி என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனார். நான் போகவிடவில்லை.

"அன்ரி, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். அவ தன்னை எறியேல்லை. எனக்குத்தான் அனுப்பினவ. வெட்டச் சொல்லிக் கேட்டது நான். காய்ச்சலை மறைச்சதும் விளையாட்டுப் போட்டி முடியட்டுமெண்டுதான்."

அவர் கொப்பியை உடனே வாங்கவில்லை. முதலில் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்ல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். என் எழுத்தை அவர் வாசிக்கவேயில்லை. கண் உம்மை மட்டும் தேடியது. "இது எந்த இடம்?" "எங்கட ஊர்ப் பாலம் அன்ரி." "இது?" "அக்காவின்ர கலியாணம்." "இவள் இஞ்ச வந்தவளே?" "இல்லை. நான் கொண்டு போனனான்." கலியாணப் படத்தைப் பார்த்து, "சம்பந்தியாக்களுக்கு நடுவில நிண்டு முழிசிறாள், விசரி" என்றார். அவர் சிரித்து நான் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏணிப் படம் வந்தது. அந்த வரியை மட்டும் அவர் வாசித்தார். உமது பெயரை நான் மேலே எழுதியிருந்தேன், அதனால் இருக்கலாம். விரலை ஒவ்வொரு சொல்லிலும் வைத்து வாசித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உண்மைதான்" என்றார். "படத்தில எண்டா வாய்காட்ட மாட்டாள்."

சொல்லிவிட்டு நெடுநேரம் அழுதார். செத்தவீட்டில் அழுத அழுகையல்ல இது. பிள்ளையோடு சண்டை பிடித்த தாய் அழும் அழுகை.

உருவங்களைக் கழற்றித் தந்துவிடட்டுமா என்று கேட்டேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, கழற்றினால் கிழியும். ஆனாலும் கேட்டேன். வேண்டாம் என்றார். "அவள் போன இடத்தில இருக்கட்டும்." பிறகு எழுந்து அறைக்குள் போய், ஓய்வூதியப் பத்திரத்துக்கு எடுத்து மிஞ்சிய தன் படமொன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"என்னையும் வெட்டி ஒட்டிவிடு பிள்ளை."

"எந்தப் படத்தில அன்ரி?"

"அவள் நிக்கிற ஏதாவதில. கிட்ட வைக்காத, கத்துவாள். கொஞ்சம் தள்ளி வை. தள்ளி நிண்டு பாக்கிற மாதிரி."

நான் அவரை வெட்டிவிட்டேன். பிரதி எடுக்கவில்லை, அதே படம்தான். காது, கொண்டை, தோளில் சேலை மடிப்பு எல்லாம் பிசகாமல் வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வைத்துப் பார்க்கிறேன். பாலத்தின் இந்த முனையில் வைத்தால் அன்னியமாகத் தெரிகிறார். ஏணியின் அடியில் வைத்தால் உம்மை இறங்கச் சொல்கிறவர் போலிருக்கிறது. ஒரு விரற்கடை நகர்த்தினால் கோபமாகவும் இன்னொரு விரற்கடை நகர்த்தினால் ஏக்கமாகவும் மாறும் அந்த முகத்தை எனது பணப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒட்டினால் பிறகு மாற்ற ஏலாது. உங்கள் இருவருக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று உம்மைத்தான் கேட்டிருப்பேன்.