படிக்கட்டடி மீட்டரும் உன் அப்பாவின் தூக்கமும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை என் சௌக்கியத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு, உன் அப்பா சௌக்கியமா இல்லையா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று அவரே பேச்சை முடித்து வைத்துவிடுகிறார். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். உன் தம்பி வீடு மாறிவிட்டான், புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம், அதைச் சொல்வதற்கே பல தடவை போன் செய்துவிட்டான். என் முட்டிவலி போகவும் இல்லை, கூடவும் இல்லை. மற்றபடி இந்த வீட்டில் இப்போது செய்தி என்றால் கரண்ட் பில் ஒன்றுதான், அதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசிப் பல வாரம் ஆகிறது.

நீ வந்துவிட்டுப் போன பிறகு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுப் புது மீட்டர் மாட்டினார்கள், நமக்கு ஒன்று, கீழே இஸ்திரிக் கடைக்கு ஒன்று. பழைய மீட்டரில் ஒரு சக்கரம் சுற்றும், வேகமாகச் சுற்றினால் வேகமாகச் செலவாகிறது என்று எனக்கே புரியும். புதியதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி, அதில் ஒரு எண் வரும், படித்து முடிப்பதற்குள் அது போய் வேறொன்று வரும், பிறகு தேதி, பிறகு மணி, பிறகு என்னவென்றே தெரியாத இரண்டு எழுத்து. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு, கரண்ட் ஓடுகிறவரை ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பில்லும் அதே ஜாடைதான். நிலைக் கட்டணம் என்று ஒரு வரி, யூனிட் கட்டணம் என்று மூன்று வரி, வரி என்று ஒரு வரி, சரிக்கட்டல் என்று ஒரு வரி, யாரை யார் சரிக்கட்டினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு எல்லையைத் தாண்டினால் அதற்குமேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை ஏறுமாம், அந்த எல்லையை நாங்கள் எப்போது தாண்டினோம், ஏன் தாண்டினோம் என்று எங்கும் எழுதியிருக்காது. புது மீட்டர் வந்த பிறகு வந்த முதல் பில்லைப் பார்த்து உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர், காபி ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவில்லை. அத்தனை ஏறியிருந்தது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. பஸ் டிப்போவில் நேரக் கணக்கு பார்த்தே தலை நரைத்தவர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, அதற்கப்புறம் என்ன கெட்டது என்று பார்த்துப் பார்த்து, எது முன்னால் வந்ததோ அதுதான் குற்றவாளி என்று அவருக்கு மனதில் பதிந்துவிட்டது. பில் ஏறியதற்கு முன்னால் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது என்ன என்று யோசித்திருக்கிறார். மீட்டர் வந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை, மீட்டர் அளக்கிற சாமான், அது எப்படித் தப்பு செய்யும். அவர் கண்ணில் பட்டது, ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்க நீ அனுப்பிய மூச்சு மெஷின். ஆனால் அதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான்தான் மக்கு, எனக்கும் தெரியவில்லை.

முதலில் பழி என் தலையில்தான் விழுந்தது. வெந்நீர் போடாதே என்றார், சரி என்றேன். மிக்ஸியை யோசித்துப் போடு என்றார், மிக்ஸியை எப்படி யோசித்துப் போடுவது. பிரிட்ஜைப் பகலெல்லாம் அணைத்து வைத்தார், பால் திரிந்தது, அந்தப் பாலையும் நான்தான் கவனிக்கவில்லை என்றானது. சாயங்காலம் ஒரே அறையில்தான் விளக்கு, நான் காய் நறுக்க வேண்டும் என்றால் அவர் பேப்பர் படிக்கிற இடத்துக்குக் கத்தியும் தட்டுமாகப் போக வேண்டும். இதற்கெல்லாம் குரு யார் தெரியுமா, கீழே இஸ்திரிக் கடைக்காரர். நமக்கு ஏறிய அதே மாதம் அவருக்குப் பில் பாதியாகக் குறைந்துவிட்டது. எப்படி என்று இவர் போய்க் கேட்டிருக்கிறார். சார், பழைய பல்பு ரெண்டையும் கழட்டிட்டுப் புது பல்பு போட்டேன், அவ்வளவுதான், கரண்ட் பறந்து போற வழியை அடைச்சுட்டேன் என்று அவர் பெருமையாகச் சொன்னாராம். அதிலிருந்து தினமும் காலையில் இறங்கிப் போய் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சிக்கனப் பாடம் கேட்டுவிட்டு வருவார். சும்மா செருகி வெச்ச சார்ஜர்கூட உறிஞ்சும் சார் என்று அவர் ஒருநாள் சொன்னார், அன்று மாலைக்குள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பிளக்கும் சுவரிலிருந்து வெளியே வந்துவிட்டது. நாள் முழுக்க நாலு இஸ்திரிப் பெட்டி கொதிக்கிற கடையில் போய், கரண்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்கிற மனுஷனை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பில்லும் குறையவில்லை.

இதற்கு நடுவில் நீ செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பில் விஷயம் காதில் விழுந்ததும் போனில் நீ, இதுக்கா இவ்வளவு கவலை, இனிமே கரண்ட் பில்லை நானே கட்டிடறேன்ப்பா என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். அதெல்லாம் வேணாம்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னார், பிறகு மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தெருவைப் பார்த்து நின்றார். மெஷினையும் மகளே வாங்கி அனுப்பி, அது குடிக்கிற கரண்டுக்கும் மகளே கட்டுவதா என்று அவருக்குள் என்னவோ ஓடியிருக்கிறது. இவருக்கு ரோஷம் வந்தால் அது சத்தம் போடாது, அதுதான் தொல்லை.

அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது ஈரத்தில் சறுக்கி என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அன்று தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிக்னலில் நின்றவர் நின்றபடியே கண் அசந்து, வண்டியோடு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்தான் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார், அம்மா, ஐயா நின்னுக்கிட்டே தூங்குறாரு, தனியா அனுப்பாதீங்க என்றார். முழங்கை சிராய்ப்போடு போனது நம் அதிர்ஷ்டம், பச்சை விளக்கு விழுந்து பின்னால் இருந்த வண்டிகள் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். மெஷின் போட்டும் ஏன் பகலில் இப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு ஒரே குழப்பம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, மெஷின் இல்லாமல் ஒருநாள்கூடப் படுக்கக் கூடாது, இதயத்தில் போய் முடியும் என்று டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். மறுநாள் அவர் அறையைப் பெருக்கப் போனேன். அவர் குறட்டைக்குப் பயந்து நான் கூடத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது, அதனால் மெஷின் விஷயம் அவர் பாடு என்று விட்டிருந்தேன். முகமூடி தலையணைமேல் இருந்தது. மெஷினின் வயர் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மேஜை டிராயருக்குள் பத்திரமாக இருந்தது. தண்ணீர் ஊற்றுகிற டப்பா எலும்பாகக் காய்ந்து கிடந்தது. நீ வீடியோவில் பார்த்து, சூப்பர்ப்பா, விண்வெளி வீரர் மாதிரி இருக்கீங்க என்றாயே, அன்றைக்கும் அது வெறும் முகமூடிதான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. கரண்டுக்காக உயிரை விடறீங்களா என்று கத்தினேன். பகல்லதான் கொஞ்சம் தூங்கிக்கிறேனே, கணக்கு சரியாப் போயிடுதுல்ல என்றார். அவருக்கு மூச்சும் டிப்போ கணக்குதான். அழுகையும் வந்தது, இவர் முன்னால் அழக்கூடாது என்று கொட்டாவி விடுவதுபோல் சமாளித்தேன். மறுநாள் நானே கிளம்பி மின்சார அலுவலகம் போனேன். ஒரு ஜன்னலில் அடுத்த ஜன்னல் என்றார்கள், அடுத்த ஜன்னலில் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, ரீடிங் எல்லாம் சரியாத்தான்ம்மா இருக்கு, யூஸ் பண்ணினது நீங்கதானே என்றார். நான் என்ன பட்டறையா வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். அதற்கு அவர் என்னிடம் ஒரு மனுத்தாளை நீட்டினார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் நேராக மெயின் சுவிட்சை அணைத்தேன். பாருங்க, இப்ப மெஷினும் இல்லை பிரிட்ஜும் இல்லை ஒண்ணும் இல்லை, இப்பவும் அந்த மீட்டர் ஓடுதான்னு பார்த்துட்டு வர்றேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். படிக்கட்டடியில் மேல் என்று பெயிண்டில் எழுதிய பெட்டிக்குள் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை, இது மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது. மீட்டரைத் திட்டிக்கொண்டே நின்றேன். அதற்குள் இஸ்திரிக் கடைக்காரர் சாப்பாட்டுக்காகப் பெட்டிகளை அணைத்துவிட்டுத் தடதடவென்று ஷட்டரை இறக்கினார். நம் மீட்டரில் விளக்கு நின்றுவிட்டது. எனக்கு அந்த நிமிஷம்தான் மண்டையில் உறைத்தது. முட்டிவலியோடு மேலே ஏறி மெயினைப் போட்டு, வெந்நீர் ஹீட்டரையும் போட்டுவிட்டுத் திரும்ப வந்து பார்த்தால், கீழ் என்று எழுதிய பெட்டியில் விளக்கு ஓடுகிறது. மாட்டியவர்கள் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை நாளாக நாலு இஸ்திரிப் பெட்டிக்கு நாம் கட்டிக்கொண்டிருந்தோம், நாம் இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அவர் பில்லில் போய்க் குறைந்திருக்கிறது.

கடைக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியை ஒரு தடவை போடச் சொல்லி, அணைக்கச் சொல்லிக் காட்டினேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்போ அந்தப் பல்பு, அக்கா என்று கேட்டார். பணத்தைவிட அவருக்கு அந்தப் பல்பு போனதுதான் வருத்தம், தெருவில் எத்தனை பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறாரோ. என்கூடவே அலுவலகத்துக்கு வந்து, ஆமா சார், என் கரண்டைத்தான் இவங்க கட்டியிருக்காங்க என்று கையெழுத்தும் போட்டார். ஆள் வந்து பார்த்தார்கள், மாறித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள், அடுத்த பில்லில் கழித்துவிடுவோம் என்றார்கள்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறாயா. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, சொல்றதெல்லாம் சொல்வாங்க, பில்லுல அச்சாகி வரட்டும், அதுக்கப்புறம் மெஷினைப் போடறேன் என்றார். அடுத்த பில் வர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது, கடைசியில் கத்தவும் தெம்பில்லாமல், அந்தப் பில் வர்றப்போ நீங்க இருக்கணும், எனக்குப் பில்லும் வேணாம், அதில் கழிக்கிற காசும் வேணாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்தார், குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். குடிப்பதற்கு என்று நினைத்தேன். மெஷின் டப்பாவில் ஊற்றியிருக்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டுகிறேன், அனுப்புகிறேன் என்ற பேச்சை இனி எடுக்காதே. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களாப்பா என்று கேள், அதை என்னிடம் கேட்காமல் அவரிடமே கேள். மாப்பிள்ளையிடம் சொல்லி உங்கள் வீட்டு மீட்டரையும் ஒருநாள் மெயினை அணைத்துவிட்டுப் போய்ப் பார்க்கச் சொல், ஊர் மாறினால் மட்டும் மாட்டுகிறவர்களுக்குப் புத்தி வந்துவிடுமா என்ன. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருமாக வாழ்த்துகிறோம், அவருக்கும் சேர்த்து நானே எழுதிவிட்டேன், ஏனென்றால் அவர் இப்போது தூங்குகிறார். மெஷின் ஒரே சீராக இரைகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மார்பு ஏறி இறங்குகிறது, நடுவில் நிற்கவில்லை. ஆனால் என் கோபம் இன்னும் தீரவில்லை, எழுந்ததும் மிச்சச் சண்டை இருக்கிறது.

இவ்வளவையும் உன்னிடம் கொட்டித் தீர்த்த,
உன் அம்மா