என் பெயரில் நீ கேட்ட மன்னிப்பு

பழவேற்காடு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணா,

மங்களூரில் நீயும் உன்னோடு போட்டில் போகிறவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நைனாவுக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் கோபமாக இருக்கிறேன். உன் மேல்தான்.

போனில் சொல்ல முடியவில்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அதையும் ஊர் குரூப்பில் போட்டுவிடுவாயோ என்று பயம். அதனால்தான் போட் ஓனர் விலாசத்துக்குத் தபால். கரைக்கு வந்ததும் முழுவதும் படி. பாதியில் மடித்து வைக்காதே.

நடந்ததை உனக்கு யார் யார் சொன்னார்கள் என்று தெரியும். அம்மா அழுதுகொண்டே கொஞ்சம், சிவசங்கர் சித்தப்பா சிரித்துக்கொண்டே மிச்சம். நான் ஒருத்திதான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் பாடு பிரிக்கக் குடத்தில் சீட்டு எடுத்தபோது வந்த சண்டையை நீயே பார்த்தாய். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும். ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி மடித்திருந்தது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ மங்களூர் போன பிறகு ஊர்த் தலைவர் கங்காதரன் மாமா நம் வீட்டுக்கு வந்தார். "மனுசன் கை பட்டாதான் சந்தேகம் வருது. நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே கண்ணு, போன்ல ஒண்ணு செஞ்சி குடு. மிஷின் எடுத்தா எவனும் இன்னானு கேக்க முடியாது" என்றார். நைனா என்னைப் பார்த்தார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கடைசி வருஷ ப்ராஜெக்டாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் மற்றவர்கள் ஓட்டல் பில், லைப்ரரி என்று பழைய ப்ராஜெக்டை வாங்கிப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு வரியும் நானே எழுதினேன். பாடு என்றால் என்ன என்று மோகனப்பிரியா மேடத்துக்கு விளக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. வார்த்தை வராமல் கடைசியில் படம் போட்டுக் காட்டினேன். முகத்துவாரத்தில் வலை கட்டினால் இறால், உள்ளே தள்ளிப் போனால் சேறு. அதனால்தான் எல்லோருக்கும் முகத்துவாரத்தின் மேலேயே கண் என்றேன். மேடத்துக்குப் பிடித்துப்போனது.

ஒன்றை மட்டும் கங்காதரன் மாமாவிடம் முன்கூட்டியே கேட்டேன். போன தடவை முகத்துவாரம் கிடைத்தவர் பெயரை அடுத்த தடவை விட்டுவிடலாமா என்று. "வேணாம். குடத்துல எப்டியோ அப்டியே இருக்கணும். எல்லார் பேரும் உள்ள கெடக்கணும்" என்றார். அப்படியேதான் செய்தேன். குடம் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நான் எழுதியதும் வைத்துக்கொள்ளாது.

ஐப்பசியில் முதல் தடவை. சீட்டு எடுக்கும் ஊர்க் கொட்டகைக்குள் பெண்கள் போகக் கூடாது என்பதால் நான் வெளியே பம்புக் குழாயருகில் நின்றேன். போனை உள்ளே எடுத்துப் போனதும் பட்டனை அழுத்தியதும் மாமாவின் மகன் மனோஜ். முகத்துவாரம் நைனா பெயருக்கு வந்தது. கைதட்டினார்கள். படிக்க வைத்ததற்குப் பலன் என்று சிரித்தார்கள். தையில் மறுபடி எடுத்தபோது மறுபடியும் நைனா பெயர்தான், திருவேங்கடம் என்றே வந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. சித்தப்பாவின் குரல் மட்டும் வெளியே வரை கேட்டது. "இன்னாப்பா திருவேங்கடம், கம்ப்யூட்டரும் உன் வூட்டு சோத்ததான் துன்னுதா?"

பதினாறு பேரில் ஒரே பெயர் இரண்டு தடவை வருவது அதிசயம் இல்லை. மேடம் வகுப்பிலேயே ஆயிரம் தடவை ஓட விட்டுப் பார்த்தார். எல்லாப் பெயரும் ஏறக்குறைய சமமாக வந்தது. நடுநடுவே ஒரே பெயர் அடுத்தடுத்தும் வந்தது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் சித்தப்பாவுக்கே குடத்திலிருந்து அடுத்தடுத்து முகத்துவாரம் விழவில்லையா? அப்போது அம்மன் கொடுத்தாள் என்று பொங்கல் வைத்தார்கள். அம்மன் கொடுத்தால் அருள். நான் எழுதியதிலிருந்து வந்தால் திருட்டு.

அன்றைக்கே நைனா வலையை நிறுத்திவிட்டார்கள். நான் மாமாவிடம் போய், இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், போன தடவை வந்தவர் பெயர் இனி வராது, இன்றைக்கே சேர்த்துத் தருகிறேன் என்றேன். அவர், "அப்போ இத்தினி நாள் தப்பு இருந்துச்சுனுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அவர்தான் அப்படிக் கேட்டு வாங்கினார் என்று அவருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற மனோஜுக்கும் தெரியும். மனோஜ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனாலும் அதுவரை பாதி ஊர் என் பக்கம்தான் இருந்தது. வேலம்மா அக்கா தெருவில் நின்றே பேசினாள். "அந்தப் புள்ள ஒரு கொசுவ அடிக்க யோசிக்கும், அதுவா ஏமாத்தும்?" என்றாள். அன்று சாயங்காலம் ஊர் குரூப்பில் உன் குரல் வந்தது.

அண்ணா, நீ பேசியது எனக்கு மனப்பாடம். "என் தங்கச்சி சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, பெரியவங்க மனசுல வச்சிக்காம மன்னிச்சி வுட்ருங்க, எங்க நைனா வலைய நிறுத்தாதீங்க." வீடு வீடாக அதைப் போட்டுக் கேட்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் யார் போனிலிருந்தோ நீ பேசிக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் வேலம்மா அக்கா என்னிடம் வந்து, "கூடப் பொறந்தவனே ஒத்துக்கினான், நான் இன்னா பேசறது?" என்றாள். அவள் மகள் அர்ச்சனா ப்ளஸ் டூ முடித்துவிட்டு என் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருவதாக இருந்தாள். இப்போது வேண்டாம் என்கிறார்களாம். உன் நல்ல மனசு அது வரைக்கும் போயிருக்கிறது.

நைனா பிழைப்புக்காகத்தான் பேசினாய். அது எனக்குப் புரியாமல் இல்லை. வலை இல்லாமல் நைனா கரையில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்தான். ஆனால் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய்? மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து நான் படித்தது இது ஒன்றுதான். இதில் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. திருடி என்று சித்தப்பா சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவர் என்னைக் கெட்டிக்காரியாகவாவது நினைத்தார்.

இப்போது ஊர் நிர்வாகிகள் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார்கள். அமாவாசையன்று நான் கொட்டகைக்குள் வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்க வேண்டும். கேட்டால் நைனா வலையை இறக்கலாம். நான் செய்ததை உள்ளே வைத்து இரண்டு தடவை பாடு பிரித்தார்கள். அப்போது நான் குழாயருகில் நின்றேன். தலை குனிவதற்கு மட்டும் உள்ளே வரலாமாம். அம்மா, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வந்துவிடு என்கிறாள். நான் பேசமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

நான் போவேன். மன்னிப்பு கேட்கமாட்டேன். எப்படி எழுதினேன், யார் எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். அதற்காக நைனா வலை இன்னும் கொஞ்ச நாள் கரையில் கிடந்தால், அந்தப் பழியையும் என் மேல் போடுவார்கள். அதையும் யோசித்துவிட்டேன். அப்படியே பங்குனியில் இதே ப்ராஜெக்டோடு கல்லூரி வைவாவுக்கும் போவேன்.

அதற்கு முன்னால் அதே குரூப்பில் நீ பேச வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "தங்கச்சியக் கேக்காம பேசிட்டேன்" என்று சொன்னால் போதும்.

அதுவும் முடியாது என்றால், கரையில் டவர் கிடைக்கும்போது எனக்குப் போன் செய்து, "நீ ஏமாத்துனியா?" என்று ஒரு தடவை கேள். அம்மா கேட்கவில்லை. நைனா ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுவரை கேட்கவில்லை. நம்புவதால் கேட்கவில்லையா, பயந்து கேட்கவில்லையா என்று தெரியாமல்தான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ கேள், அண்ணா. இந்தத் தடவை "ம்" கொட்டமாட்டேன்.

கடலில் பார்த்து இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
இளவரசி