லிஃப்ட் வழக்கும் உங்கள் தங்கையும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். அவளும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நீங்கள் அவளோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் குறுக்கு விசாரணை செய்தே என்னைக் கொன்றுவிடுவாள்.

லிஃப்ட் விழுந்து கால் ஒடிந்த காவலாளி, லிஃப்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். கம்பெனிக்காக இவள் ஆஜரானாள். "காலொடிஞ்சவர எதிர்த்தா வாதாடப் போற? இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றீர்கள். அன்று எனக்கு உங்கள் மேல் கோபம். சாப்பாட்டு மேஜையில் அவளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு பேசினேன். அவளோ, "அக்கா சொன்னதுல என்ன தப்பு?" என்று ஆரம்பித்து என்னை நார் நாராகக் கிழித்துவிட்டாள். எந்த வழக்கானாலும் முதலில் எதிர்த்தரப்புக்காக வாதாடிப் பார்ப்பது அவள் பழக்கம். இவ்வளவு நல்ல வக்கீல் உங்களுக்குக் கிடைக்க மாட்டார், அக்கா.

பிறகு அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்தேன். மெக்கானிக்கோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கி, சட்டையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தாள். பத்து வருடப் பராமரிப்புப் பதிவேடுகளை ஒரு தாள் விடாமல் படித்தாள். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று சின்னவளுக்குச் சைக்கிளை வைத்துப் பாடம் நடத்தினாள். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் லிஃப்ட் சான்றிதழின் தேதியைப் பார்க்காமல் ஏற மாட்டாள். தேதி தாண்டியிருந்தால் நான்கு மாடியும் நடைதான். மூச்சு வாங்குவது எனக்கு.

போன மாதம் ஒரு நாள் காலையில் கம்பெனி இயக்குநர்களோடு பேச உள்ளே போனவள், மாலையில்தான் வெளியே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. அழைத்துவரப் போன நான் வழியில் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம், கம்பெனி தன் தவறை ஒப்புக்கொண்டது, காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டது, நடக்கும்வரை வைத்தியத்துக்கும் பொறுப்பேற்றது என்று பேப்பரில் வந்தது. "நீதான ஒத்துக்கச் சொன்ன?" என்றேன். "உப்பு டப்பாவ எங்க வச்சீங்க?" என்றாள்.

கட்சிக்காரரோடு பேசியது வெளியே போகக் கூடாதாம். புருஷனுக்கும் கிடையாது, கூடப் பிறந்தவளுக்கும் கிடையாது. "அக்காகிட்ட மட்டும் சொல்லேன், கோபம் தீர்ந்துடும்" என்று கெஞ்சினேன். "தப்பு பண்ணவங்க என்னை நம்பி உண்மையச் சொல்லணும். நான் வெளிய சொன்னா அடுத்தவன் எப்படிச் சொல்லுவான்?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அக்கா. ஆனால் அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பாள். தயவுசெய்து கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். என்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லச் சொல்லுங்கள். அந்த வழக்கைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவளால் சொல்ல முடியாது, உங்களிடம் அவளுக்குப் பொய்யும் சொல்ல வராது.

உங்கள் அழைப்பை எதிர்பார்க்கும்,
தங்கை வீட்டுக்காரன்