கறுப்பு டேப்

மார்ச் 4

இருட்டு வாத்தியாருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இரண்டு நாள் தங்கிவிட்டு வீடு முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். ஃப்ரிட்ஜ், சார்ஜர், அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் என்று ஒரு விளக்கையும் விடவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தால் என்ன குடி முழுகிப் போகிறது?

ஆனால் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான்டி ராத்திரி ராத்திரியா இருக்கு, நல்லா தூங்கினேன்" என்கிறார். அதனால் பிரிக்கவில்லை. உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுது, படித்துக் காட்டச் சொல்கிறார்.

அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

எல்லாம் பழக்கதோஷம். எங்கள் ஆய்வகத்தில் ஒளியை ஒற்றைத் துகளாகப் பிடிக்கப் பார்க்கிறோம். ஏதாவது ஒரு கருவியின் பொட்டு விளக்கு எரிந்தால்கூட அன்றைய வேலை பாழ். உள்ளே நுழைந்ததும் டேப்பைத்தான் தேடுவோம். உன் வீட்டிலும் கை தானாகப் போய்விட்டது.

அப்பா தூங்குகிறார் என்றால் இருக்கட்டும். மெஷினில் கோளாறு என்றால் அது சத்தம் போடுமே. "பிடிச்சு என்னடா செய்யப் போறே?" என்று கேட்பார். முதலில் பிடிபடட்டும் என்று சொல்.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டு நீ கிளம்பிய மறுநாள், மெஷினைத் திருப்பி எடுத்துப்போக மெக்கானிக் வந்தார். சுவிட்சைப் போட்டு டேப்பை உரித்தார். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காத்து சரியா வரலைன்னா இது எரியும். நீங்க பாக்கலையாம்மா?" என்றார்.

மெஷினின் எச்சரிக்கைச் சத்தம் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. டேப்புக்கு அடியில் பச்சை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 'சத்தம் போடுமே' என்று நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். அப்போதுகூட உறைக்கவில்லை.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என்ன பேசிவிடுவேனோ, பயமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

நான் எழுதிய போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. சத்தம் கெட்டதை ஏன் சொல்லவில்லை என்று அதில் கேட்டிருக்கக் கூடாது. மறைத்து ஒட்டியவன் நான்.

நேற்று ஒளித்துகள் பிடிபட்டது. ஒன்றே ஒன்று விழுந்தது, கருவி சொல்லிவிட்டது. மாணவர்கள் கை தட்டினார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை அக்கா. நான் வரட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

தம்பி