பத்து மணிக்குப் பூட்டும் பள்ளிக்கூடம்

அனுப்புநர்
ஜிஹான் ஸுவாரி,
தையல் தொழிலாளி,
ஜைத்தூன் ஆலைத் தெரு,
கஸ்ர் ஸம்ரா, துனீசியா.

பெறுநர்
வட்டார ஆணையர் அவர்கள்,
வட்டார ஆணையர் அலுவலகம்,
கஸ்ர் ஸம்ரா.

பொருள்: தொடக்கப் பள்ளியின் இரு வேளை வகுப்புகளுக்கு நடுவே பிள்ளைகள் வெளியேற்றப்பட்டு, வீட்டில் கைபேசியோடு அடைந்து கிடப்பது – பள்ளியில் ஓர் அறையைத் திறந்துவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஹயாத் பின் ஸாலிம் வீட்டின் மீது தங்கள் அலுவலகம் பிறப்பித்த மூடல் ஆணை.
2. தங்கள் அலுவலக நடைவழியில் மாட்டப்பட்டுள்ள, என் மகள் மலாக் வரைந்த படம்.

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதே பொருள் குறித்துத் தங்களுக்கு முன்பே இரு முறை எழுதினேன். "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரே வரியில் இரு முறையும் பதில் வந்தது. அந்த உரிய துறை எது என்று கேட்க வந்த நாளில் என்னைப் பள்ளித் துறைக்குப் போகச் சொன்னார்கள். பள்ளித் துறையில் தங்களிடம் போகச் சொன்னார்கள். ஆகவே இம்மனுவை நேரடியாகத் தங்கள் பார்வைக்கே சமர்ப்பிக்கிறேன்.

1. நான் வரலாற்றில் பட்டம் பெற்றவள். ஊருக்கு வெளியே உள்ள ஆடைத் தொழிற்சாலையில் ஜீன்ஸுக்குப் பின்பாக்கெட் தைக்கிறேன். காலை ஏழுக்கு உள்ளே போனால் பிற்பகல் மூன்றுக்குத்தான் வெளியே வர முடியும். என் கணவர் நிஸார் தெற்கே லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஒரே மகள். பெயர் மலாக், வயது எட்டு, மூன்றாம் வகுப்பு.

2. எங்கள் பள்ளியில் வகுப்புகள் அதிகம், அறைகள் குறைவு. ஆகவே மலாக்கின் வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிகிறது. பிறகு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிகிறது. இடைப்பட்ட நேரத்துக்கு எங்கள் ஊரில் 'வெற்று மணி' என்று பெயர். வெற்று மணி தொடங்கியதும் பிள்ளைகளை வெளியே விட்டு இரும்புக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். இதில் காவலாளி மூல்தி மாமாவின் குற்றம் எதுவும் இல்லை. நான் போய்க் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "உள்ள ஒரு புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிடும் மகளே. வெளிய ஆச்சுன்னா யாரைக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு." எனக்கும் தெரியவில்லை, ஐயா. தலைமையாசிரியரிடம் கேட்டேன். பிள்ளைகளின் காப்பீடு பாட நேரத்துக்கு மட்டும்தான் என்றார். வசதியுள்ள சில பிள்ளைகள் அந்த மூன்று மணி நேரமும் பக்கத்துத் தெருவில் ஒரு கார் கொட்டகையில் தனிப்பாடம் படிக்கிறார்கள். அங்கே பாடம் நடத்துபவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவர் மீது புகார் கொடுப்பது என் நோக்கம் அல்ல. அவருக்கும் பள்ளியில் தரும் சம்பளம் போதவில்லை.

3. மலாக் முதல் வகுப்பில் படித்தபோது மற்றப் பிள்ளைகளோடு பள்ளிச் சுவரின் மேல் உட்கார்ந்துதான் ஒரு மணி ஆகும்வரை காத்திருப்பாள். ஒரு நாள் ஜைத்தூன் காய்க் கூடைகள் ஏற்றிய சிறு லாரி ஒன்று பின்னால் நகர்ந்து, அவள் பக்கத்தில் இருந்த ரஹ்மா என்ற பிள்ளையின் காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. ரஹ்மா இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். மறுநாளே எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு சாவி செய்து கொடுத்தோம். பழைய கைபேசி ஒன்றையும் கொடுத்தோம். வீட்டுக்குப் போ, உள்ளே பூட்டிக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே, போனைப் பார்த்துக்கொண்டிரு. இதுதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது. அந்தக் கைபேசி விளையாட்டுப் பொருளாக எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தங்கள் நிர்வாகம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறிய காவலாள் அது.

4. பிள்ளை பயந்து அழைத்தாலும் எங்களால் எடுக்க முடியாது என்பதையும் பதிவு செய்கிறேன். தொழிற்சாலைக்குள் நுழையும்போது எங்கள் கைபேசிகளை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். நண்பகல் இடைவேளையில்தான் அந்தப் பெட்டி திறக்கும். பெட்டியைச் சுற்றி நாங்கள் நிற்கும் அழகைத் தாங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில், "கதவைப் பூட்டினியா? சாப்பிட்டியா? சத்தியமா பூட்டினியா?" என்று கத்துவோம்.

5. ஈராண்டுகளில் என் மகள் வேறு பிள்ளையாகிவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கிறாள். தெருவில் யாராவது பெயர் கேட்டால் என் பின்னால் ஒளிகிறாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை நான் குஸ்குஸ் தட்டை முன்னால் வைத்தபோது, அதைச் சுற்றிக் கையை அசைத்து, எங்கள் வீட்டில் யாரும் பேசாத, கைபேசியில் கேட்ட ஒரு குரலில், "வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு நாம என்ன திறந்து பாக்கப் போறோம் தெரியுமா?" என்றாள். நிஸார் சிரித்தார். பிறகு அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனதைப் பார்த்து எழுந்து போய்விட்டார்.

6. இதைச் சரிசெய்ய நாங்கள் முயலவில்லை என்று தாங்கள் கருதக் கூடாது. எங்கள் தெருவில் ஹயாத் என்ற பெண் வீட்டு முற்றத்தில் மண் அடுப்பு வைத்துத் தபூனா ரொட்டி சுட்டு விற்கிறாள். என் வயதுதான். அவளுக்கும் அதே பள்ளியில் ஸிரீன் என்ற மகள் இருக்கிறாள். சென்ற ஆண்டு குளிர்காலத்தில் ஒரு நாள் ஹயாத்தே என்னிடம், "உம் பொண்ணு தனியா உள்ள உக்காந்து சுவத்தோட பேசுறா ஜிஹான். என் கதவு தொறந்துதானே கெடக்கு, அனுப்பேன்" என்றாள். அனுப்பினேன். பிறகு எங்கள் தையல் வரிசையில் இருந்த மற்ற தாய்மாரும் அனுப்பினார்கள். யாரும் கூலி பேசவில்லை. மாவும் எண்ணெயும் கொடுத்தோம்.

7. அந்த முற்றத்தில் பாடத்திட்டம் எதுவும் இல்லை. பிள்ளைகள் மாவு பிசைந்தார்கள், தரையில் கட்டம் போட்டுத் தாண்டினார்கள், ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். மலாக் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். "ஸிரீன் கோட்டை மிதிச்சிட்டு மிதிக்கலைங்குறா உம்மா. பொய்க்காரி. நாளைக்கு நான் அவகூட சேர மாட்டேன்" என்று மூக்கைச் சிந்தினாள். மறுநாள் காலை முதல் ஆளாக அங்கேதான் ஓடினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சொந்தக் குரலில் ஒரு பொய்க்காரியைத் திட்டியதைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். கைபேசி அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. யாரும் பிடுங்கவில்லை. அவளாகவே மறந்துவிட்டாள்.

8. மார்ச் மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து இரு அலுவலர்கள் வந்தார்கள். அனுமதியின்றி மழலையர் காப்பகம் நடத்துவதாக எழுதினார்கள். முற்றத்தில் நெருப்பு இருக்கிறது, கழிப்பறை ஒன்றுதான், சன்னல் உயரம் போதாது என்றார்கள். இவை எல்லாம் உண்மையே. ஹயாத் அவர்களிடம், "நான் என்ன பள்ளிக்கூடமா சார் நடத்துறேன்? கதவைத் தொறந்து வெச்சிருக்கேன், அவ்வளவுதானே?" என்று கேட்டாள். "தொறந்து வெச்சதுதாம்மா குத்தம்" என்றார் அலுவலர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கெட்ட மனிதர் அல்ல. போகும்போது இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். அன்றே கதவில் ஆணை ஒட்டப்பட்டது. ஹயாத் இப்போது சன்னல் வழியாக ரொட்டி விற்கிறாள். மலாக் கைபேசியைச் சார்ஜில் போட்டாள்.

9. செப்டம்பரில் பள்ளி மருத்துவர் மலாக்கைச் சோதித்து, பார்வை குறைந்திருக்கிறது, கழுத்து முன்னே சாய்ந்திருக்கிறது, பெற்றோர் திரை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று சீட்டு எழுதினார். கலை மாளிகையில் தாங்கள் தலைமை தாங்கிய 'திரையும் குடும்பமும்' விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அவசியம் வரும்படியும் சொன்னார். கூட்டம் புதன்கிழமை முற்பகலில் நடந்தது. பிள்ளையை வளர்க்கும் பெண்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று அழைப்பிதழ் அச்சிட்டவர் யோசிக்கவில்லை. நான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தேன்.

10. தலைநகரிலிருந்து வந்திருந்த அம்மையார் நன்றாகவே பேசினார். "புள்ளைங்க கையில போனைக் குடுத்துட்டு நீங்க நிம்மதியா இருக்கீங்க" என்றார். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "நிம்மதின்னா எப்படி இருக்கும்னு ஒரு வீடியோ இருந்தா அனுப்புங்க மேடம், பாத்துக்குறோம்" என்றாள். அரங்கே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள். அம்மையார் சொன்னவற்றை நான் குறித்துக்கொண்டு வந்து செய்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாலையில் எங்கள் வீட்டில் எல்லாக் கைபேசிகளும் ரொட்டிக் கூடைக்குள் போகின்றன, என்னுடையதும்கூட. மலாக் வெங்காயம் உரிக்கிறாள், சத்தமாக வாசிக்கிறாள், படுக்கும் முன் என்னோடு சண்டை போடுகிறாள். அந்த ஆலோசனை நல்ல ஆலோசனை. மாலை என் கையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய என்னால் முடிந்தது. முற்பகல் பத்து மணி என் கையில் இல்லை. அதைப் பற்றிக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டபோது, நேரம் முடிந்துவிட்டது, அடுத்தது பரிசளிப்பு என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

11. பரிசு, பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஓவியப் போட்டிக்கு. தலைப்பு 'திரையில்லாத ஒரு நாள்'. என் மகள் திறந்த கதவு ஒன்றையும், முற்றத்தையும், மண் அடுப்பையும், கட்டம் தாண்டும் பிள்ளைகளையும் வரைந்திருந்தாள். மூலையில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கால் கோட்டின் மேல் இருந்தது. நடுவர், "இந்த வயசுல என்ன ஒரு கற்பனை!" என்று வியந்தார். முதல் பரிசு மலாக்குக்கு. தாங்கள் தங்கள் கையாலேயே அவளுக்குக் கொடுத்த பரிசு ஒரு டேப்லெட். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் என் பிள்ளை அன்று சிரித்தாள்; அந்த நேரத்தில் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

12. அந்தப் படம் இப்போது தங்கள் அலுவலக நடைவழியில், சட்டமிட்டு, 'கற்பனை ஓவியம்' என்ற சீட்டோடு தொங்குகிறது. ஐயா, அது கற்பனை அல்ல. இடுப்பில் கை வைத்து நிற்பவள் ஹயாத். கோட்டை மிதித்திருப்பவள் ஸிரீன். அந்தக் கதவை மூடிய ஆணை அதே நடைவழியில், படத்திலிருந்து சில அறைகள் தள்ளி, தங்கள் மேசையில் கையெழுத்தானது. வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்யவில்லை என்பதை அறிவேன். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

13. அன்று முதல் கைபேசிக்குப் பதிலாக என் மகள் அந்தப் பெரிய திரையைப் பார்க்கிறாள். பரிசு ஆயிற்றே, பிடுங்கினால் அழுகிறாள். "கமிசனர் குடுத்தது உம்மா, நீ யாரு வாங்குறதுக்கு?" என்கிறாள். அந்தக் கேள்வியையும் இம்மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது:

பள்ளியில் 'நூலகம்' என்று பலகை மாட்டி, உடைந்த நாற்காலிகள் அடுக்கிவைத்திருக்கும் அறையைக் காலி செய்து, வெற்று மணி நேரத்தில் பிள்ளைகள் உட்காரத் திறந்துவைக்க ஆணையிட வேண்டும். பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். நாற்காலிகளை நாங்களே சுமந்து வெளியே வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் வருகிறோம்.

அதற்குக் காலம் ஆகுமெனில், அதுவரை ஹயாத்தின் முற்றத்துக்குத் தற்காலிக அனுமதி வழங்க வேண்டும். அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி போடச் சொன்னால் போடுகிறோம். சன்னலை உயர்த்தச் சொன்னால் அதையும் செய்கிறோம்.

இரண்டுமே முடியாதெனில், படத்தின் கீழுள்ள 'கற்பனை ஓவியம்' என்ற சீட்டை எடுத்துவிட்டு, 'ஜைத்தூன் ஆலைத் தெரு, ஹயாத்தின் வீடு, மூடப்பட்டது' என்று எழுதிவைக்க வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

இம்மனுவில் எங்காவது வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளவும். கோபத்தை அடக்கி எழுதத்தான் மூன்று முறை கிழித்து எழுதினேன். நான் குறை சொல்ல வந்தவள் அல்ல. என் மகள் வேலைநாள் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளை எங்கே விடுவது என்று கேட்க வந்தவள். தங்கள் பதிலில் 'உரிய துறை' என்று மீண்டும் வராதிருக்கும் என்ற சிறு நம்பிக்கையோடு முடிக்கிறேன்.

இடம்: கஸ்ர் ஸம்ரா
நாள்: 24 நவம்பர் 2024

தங்கள் உண்மையுள்ள குடிமகள்,
ஜிஹான் ஸுவாரி
(மலாக்கின் தாய்)

இணைப்பு:
1. மூடல் ஆணையின் நகல்.
2. பள்ளி மருத்துவரின் சீட்டு, நகல்.
3. பரிசாகப் பெற்ற டேப்லெட். இதைத் திருப்பி அனுப்பவே எண்ணி, உறையிலும் போட்டு ஒட்டினேன். பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். நாளை திங்கட்கிழமை, பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அவள் கையில் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.